குறைந்த செலவில் பிக்கப்புக்கு வேறு சைலன்சர்: தேர்ந்தெடுப்பது முதல் மாட்டுவது வரை

என் பிக்கப்புக்கு நான் முதன்முதலில் வெளியில் வாங்கி மாட்டிய சைலன்சர் செட் நான்கு மாதம்தான் வண்டியில் இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அந்த உறுமலைக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் ஏறி, ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டியதும் கேபினுக்குள் காதை வந்து அழுத்துகிற ஒரு ரீங்காரம். பின்சீட்டில் இருந்த குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கழற்றிவிட்டு இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. மலிவு என்று நினைத்து எடுத்தது கடைசியில் இரண்டு செட்டின் விலையில் வந்து நின்றது.

அதனால் விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இதை மாட்டிக்கொண்டு சீரான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் வண்டிக்குள் எப்படி இருக்கும்? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்விக்குத்தான் திரும்பி வரும்.

பெயர் விஷயத்தில் ஒரு சின்ன தெளிவு. எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை போகும் மொத்தக் குழாயையும் நாம் சைலன்சர் என்றே சொல்கிறோம். இங்கே சத்தத்தை அடக்கும் அந்த டப்பாவை மட்டும் மஃப்ளர் என்று எழுதுகிறேன்.

1. எதற்காக மாற்றுகிறீர்கள்?

பழையது துருப்பிடித்து ஓட்டை விழுந்ததா? சத்தம் கொஞ்சம் கனமாக வேண்டுமா? டிரெய்லர் இழுக்கும்போது எஞ்சின் மூச்சுத் திணறுவது போல இருக்கிறதா? பார்க்க நன்றாக இருக்க வேண்டுமா? இவை நான்கும் வேறு வேறு தேவைகள். வேறு வேறு செலவுகளும்கூட.

'பவர் கூடும்' என்ற ஆசையில் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். இன்றைய பிக்கப்புகளின் கம்பெனி சைலன்சர் மோசமானதல்ல. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பகுதியை மட்டும் மாற்றினால், டர்போ (புகையால் சுழன்று எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளும் சக்கரம்) இல்லாத பெட்ரோல் எஞ்சினில் கிடைப்பது பெரும்பாலும் சில குதிரைத்திறன்தான். ஓட்டும்போது அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. சத்தம் மாறியதால் வேகம் கூடியது போலத் தோன்றும், அவ்வளவுதான். மைலேஜுக்கும் இதே பதில்.

ஓட்டை விழுந்ததுதான் பிரச்சினை என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. புது வண்டி வாங்கிய கையோடு சைலன்சரை மாற்றுகிறவர்கள் நிறைய பேர். அவர்கள் கழற்றிய கம்பெனி செட் சில நூறு கிலோமீட்டர்கூட ஓடாமல், மிகக் குறைந்த விலைக்கு விற்பனைக்கு வரும். உங்கள் மாடலுக்கும் நீளத்துக்கும் அது சரியாகப் பொருந்தினால், என்னைக் கேட்டால் அதைவிட நல்ல பேரம் கிடையாது. அமைதியாக இருக்கும், பொருத்தம் பிசகாது, சட்டச் சிக்கலும் வராது.

2. வண்டிக்கு அடியில் அரை மணி நேரம்

இதைச் செய்யாமல் ஆர்டர் போடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தப்பு. காரில் மாடலும் வருடமும் தெரிந்தால் பெரும்பாலும் போதும். பிக்கப்பில் போதாது. ஒரே மாடலில் ஒற்றை கேபின், நீட்டிய கேபின், நான்கு கதவு கேபின் என்று வரும்; ஒவ்வொன்றிலும் குட்டை, நீள லோடு பாடி என்று பிரியும். ஃபோர்டு எஃப்-150-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதே நான்கு கதவு கேபின், அதே எஞ்சின். பாடி ஐந்தரை அடியாக இருந்தால் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 145 இன்ச். ஆறரை அடியாக இருந்தால் 157 இன்ச். கிட்டத்தட்ட 12 இன்ச் குழாய் வித்தியாசம். ஒன்றுக்குச் செய்த செட் இன்னொன்றில் உட்காராது.

எனவே இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: தயாரித்த வருடம், எஞ்சினின் கொள்ளளவு, டூ வீல் டிரைவா ஃபோர் வீல் டிரைவா, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை உள்ள நீளம். நீளத்தை டேப் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

அப்புறம் வண்டி ஆறியிருக்கும்போது அடியில் படுத்துப் பாருங்கள். ஸ்டெப்னி எங்கே தொங்குகிறது, குழாய் அதற்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது, பெட்ரோல் டேங்க் எந்தப் பக்கம், பிரேக் லைனும் வயர்களும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து நாலைந்து போட்டோ எடுத்து வையுங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இணைப்பு போல்ட் போட்ட ஃபிளாஞ்சா (குழாய் முனையில் இருக்கும் தட்டு), கிளாம்பா, இல்லை ஒரே வெல்டிங்கா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெல்டிங் என்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். கையால் மாட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு மாறிவிடும். வண்டியை உயர்த்தியோ தாழ்த்தியோ இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து போகும் குழாய் கம்பெனி உயரத்தை வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கும். தாழ்த்திய வண்டி லோடோடு பள்ளத்தில் இறங்கினால் ஆக்சில் எழும்பி வந்து அந்தக் குழாயை இடிக்கும்.

3. செட் எங்கே தொடங்குகிறது

விற்கும் செட்களில் மூன்று வகை உங்களுக்கு முக்கியம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் தொடங்கிக் கடைசி வரை வருவது கேட்-பேக். பின் ஆக்சில் அருகே தொடங்கி வால் வரை மட்டும் வருவது ஆக்சில்-பேக். டீசலில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டருக்குப் பின்னால் தொடங்குவது டிபிஎஃப்-பேக். பிக்கப்புகளில் மஃப்ளர் பெரும்பாலும் நடுவில், கேபினுக்கு அடியில் இருக்கும். அதனால் காருக்குப் பிரபலமான ஆக்சில்-பேக் செட் பல பிக்கப்புகளுக்கு அர்த்தமில்லாத ஒன்று. வெறும் வால் குழாயை மாற்றினால் சத்தம் பெரிதாக மாறாது.

கன்வெர்ட்டரையும் டிபிஎஃப்-ஐயும் தொடாதீர்கள். அவற்றை எடுத்துவிட்டு நேர் குழாய் போடச் சொல்லி யோசனை கொடுக்க ஆட்கள் இருப்பார்கள். அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் இதைத் தடை செய்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு விதி இருக்கும் வேறு பல நாடுகளிலும் இது குற்றம்தான். சட்டத்தை விடுங்கள். அந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் வண்டிக்குப் பின்னால் நிற்கிறவர். அத்துடன் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்கள் மாற்றத்தைப் பிடித்து, எஞ்சின் விளக்கை எரிய விட்டுவிடும். அவற்றுக்குப் பின்னால் மட்டும் மாற்றினால் எஞ்சின் கம்ப்யூட்டரை டியூன் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் செலவும் மிச்சம்.

சத்த வரம்பு இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியாவில், லோடோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை 6,000 பவுண்டுக்குக் குறைவான வண்டிகளுக்கு 95 டெசிபல். ஐ.நா.வின் வாகன விதிகளைப் பின்பற்றும் நாடுகளில் 59-ஆம் எண் ஒழுங்குமுறை மாற்று சைலன்சர்களுக்கானது. அதன்படி ஒப்புதல் பெற்ற மஃப்ளரில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் நாட்டின் எண்ணும் பொறித்திருக்கும். உங்கள் ஊர் விதி என்ன என்பதை, வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகும் இடத்தில் நேரிலேயே கேட்டுவிடுவது நல்லது. அங்கே தோற்றுப்போகும் சைலன்சர் எந்த விலைக்குக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

4. மஃப்ளரும் அந்த ரீங்காரமும்

என்னைத் தோற்கடித்தது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை புகையை வெளியே தள்ளும். நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள், நொடிக்கு 30 சுற்று. எட்டு சிலிண்டர் என்றால் நொடிக்கு 120 துடிப்பு. ஆறு சிலிண்டரில் 90, நான்கு சிலிண்டரில் 60. காது கேட்கக்கூடிய ஒலிகளில் இவை அடித்தட்டு. பிக்கப்பின் கேபின் ஒரு மூடிய பெட்டி. அந்தத் துடிப்பும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஒத்துப்போனால் காது அடைத்தது போல ஓர் அழுத்தம் வரும். இதைத்தான் ஆங்கிலத்தில் டிரோன் என்பார்கள். வேகம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ மறைந்துவிடும். ஆனால் நீங்கள் நாள்தோறும் ஓட்டுகிற அந்த வேகத்தில்தான் அது வந்து உட்காரும்.

எரிபொருளை மிச்சப்படுத்த எட்டு சிலிண்டரில் நான்கை நிறுத்தி ஓடும் எஞ்சின்களில் இது இன்னும் மோசம். செவ்ரோலே சில்வராடோ, ராம் 1500 ஆகியவற்றின் வி8 எஞ்சின்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. நான்கு நின்றதும் 120 துடிப்பு 60 ஆகிறது. அந்த ஆழமான ஒலியை அடக்கத்தான் கம்பெனி அவ்வளவு பெரிய மஃப்ளரைப் போட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சின்ன டப்பா ஒன்றை மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. டர்போ எஞ்சின் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். புகையின் துடிப்பை டர்போவின் சக்கரமே உடைத்துவிடும். சத்தம் தானாகவே குறைவு.

மஃப்ளரின் உள்ளே பார்த்தால் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று அறைகள் உள்ளது. உள்ளே தகடுகள் தடுத்து, புகை சுற்றிப் போகும். ஒலி அலைகள் ஒன்றோடொன்று மோதி அடங்கும். பழைய அமெரிக்க வி8 வண்டிகளின் கரகரத்த உறுமல் இதிலிருந்து வருவது. ஃப்ளோமாஸ்டர் கம்பெனி பேர் வாங்கியது இந்த வகையில். உள்ளே பஞ்சு கிடையாது, எனவே அது கெட்டுப்போகும் பயமும் இல்லை. ஆனால் டிரோன் வரும் வாய்ப்பு, குறிப்பாகச் சின்ன டப்பாக்களில், இதில்தான் அதிகம் என்பது என் அனுபவம். மற்றொன்று நேர்வழி வகை. நடுவில் துளை போட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடி நார் அல்லது எவர்சில்வர் கம்பிப் பஞ்சு. மேக்னாஃப்ளோ, போர்லா போன்றவை அதிகம் செய்வது இது. புகைக்குத் தடை குறைவு, சத்தம் மெருகாக இருக்கும். மலிவான நேர்வழி மஃப்ளரில் பிரச்சினை அந்தப் பஞ்சுதான். தரமற்ற நார் சூட்டிலும் புகை வேகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து வெளியேறும். இரண்டு வருடத்தில் சத்தம் வேறாகிவிடும். உள்ளே என்ன அடைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். குழாயை ஆங்கில எஸ் எழுத்து மாதிரி உள்ளே மடித்த மூன்றாவது வகை ஒன்றும் உண்டு, டர்போ மஃப்ளர் என்று பெயர். உங்கள் வண்டியில் டர்போ இருக்கவேண்டும் என்பதில்லை. விலை குறைவு, சத்தமும் அடக்கம். ஓட்டை விழுந்ததற்கு மாற்றாக ஏதாவது வேண்டும், கொஞ்சம் உறுமல் இருந்தால் சந்தோஷம் என்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

எந்த வகையானாலும் ஒரு பொதுக் கணக்கு செல்லுபடியாகும்: டப்பா பெரிதாக இருந்தால் சத்தம் அடங்கும். ஒரே மஃப்ளர் 14, 18, 24 இன்ச் நீளங்களில் வந்தால், இடம் இருக்கிற வரை நீளமானதை எடுங்கள். விலை வித்தியாசம் கொஞ்சம்தான். டிரோனைத் தவிர்க்க இதைவிட மலிவான வழி இல்லை. கம்பெனி குழாயில் தனியாக ஒரு ரெசனேட்டர் இருந்தால் அதையும் விட்டுவையுங்கள். அது குறிப்பிட்ட சில ஒலிகளை அடக்கத்தான் அங்கே இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், ரீங்காரம் தாங்கவில்லை என்றால்? குழாயின் பக்கவாட்டில் ஒரு முனை அடைத்த கிளைக்குழாயை வெல்டிங் செய்யலாம். கிளைக்குள் போகும் ஒலி அடைத்த முனையில் மோதித் திரும்பி வந்து, அதே ஒலியை அடக்கிவிடும். அதற்கு நீளம் அந்த ஒலி அலையின் கால் பங்கு இருக்க வேண்டும். சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர் போகும். 120 துடிப்புக்கு அலை நீளம் 4 மீட்டர், அதில் கால் பங்கு 1 மீட்டர். குழாயின் சூடு இடத்துக்கு இடம் மாறுவதால் கொஞ்சம் நீளமாக வைத்து, ஓட்டிப் பார்த்து வெட்டிக் குறைப்பார்கள். புது செட் வாங்குவதோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை. நான் என் முதல் செட்டைக் கழற்றும்போது இது எனக்குத் தெரியாது என்பதில் இன்றும் வருத்தம்தான்.

வீடியோவை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். போன் மைக் ஆழமான ஒலியைச் சரியாகப் பிடிக்காது, உரத்த சத்தத்தைத் தானாகவே அழுத்திக் காட்டும். டிரோன் என்பதே ஆழமான ஒலி. முடிந்தால் அதே எஞ்சின், அதே கேபின் உள்ள ஒருவரின் வண்டியில் ஏறி, கண்ணாடிகளை மூடி, நெடுஞ்சாலை வேகத்தில் இருபது நிமிடம் போய்ப் பாருங்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால், ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களின் கருத்தை மட்டும் படியுங்கள். மாட்டிய அன்றே எழுதுகிறவர்கள் எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்கள்.

5. குழாயின் அளவும் வளைவும்

பெரிய குழாய் போட்டால் நல்லது என்று ஒரு நம்பிக்கை. 'எஞ்சினுக்கு எதிர் அழுத்தம் வேண்டும்' என்று எதிர்ப்பக்கம் ஒரு நம்பிக்கை. இரண்டிலும் பிழை இருக்கிறது. அழுத்தம் யாருக்கும் வேண்டாம். புகையின் வேகம் வேண்டும். வேகமாகப் போகும் புகை பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். தேவைக்கு மேல் அகலமான குழாயில் அந்த வேகம் விழுந்துவிடும். லோடு ஏற்றிக்கொண்டு மெதுவாகக் கிளம்பும் பிக்கப்புக்கு அது நல்லதல்ல.

2.5 இன்ச்சிலிருந்து 3 இன்ச்சுக்குப் போனால் அரை இன்ச்தான் என்று தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. தோராயமாகச் சொன்னால், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் 250 குதிரைத்திறன் வரை ஒற்றை 2.5 இன்ச் குழாய் போதும். 350 அளவுக்கு 3 இன்ச். கம்பெனி குழாயைவிட அரை இன்ச் பெரிதாகப் போவதே அதிகபட்சம் என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது. டர்போ டீசலில் கதை வேறு. டர்போவைத் தாண்டிய பிறகு புகைக்கு எவ்வளவு குறைந்த தடையோ அவ்வளவு நல்லது. பெரிய டீசல் பிக்கப்புகளில் 4, 5 இன்ச் குழாய் சாதாரணம்.

விளம்பரத்தில் எழுதியிருக்கும் இன்ச்சை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், வளைவுகளைப் பாருங்கள். உள்ளே ஓர் உருளையைச் செருகி வளைத்தால் வளைவிலும் குழாய் வட்டமாகவே இருக்கும். இதற்கு மாண்ட்ரல் வளைவு என்று பெயர். வெளியிலிருந்து அழுத்தி வளைத்தால் வளைவில் நசுங்கிவிடும். 3 இன்ச் என்று விற்று, ஆக்சில் மேல் வளையும் இடத்தில் நசுங்கிய குழாய்க்கு நீங்கள் 3 இன்ச் காசு கொடுக்க வேண்டியதில்லை. போட்டோவில் வளைவின் உள்பக்கம் சுருக்கமோ தட்டையோ தெரிகிறதா என்று பாருங்கள். வளைவைத் தெளிவாகக் காட்டாத போட்டோவே ஒரு பதில்தான். குழாயின் தடிப்பு 16 கேஜ் என்றால் சுமார் 1.5 மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் 1.2. எண் பெரிதானால் தகடு மெல்லிசு. 16 கேஜ் எடுங்கள்.

6. எந்த உலோகம்

துரு வெளியிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குழாய் நன்றாகச் சூடானால் அது ஆவியாகப் போய்விடும். தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்களின் மஃப்ளரில் அமிலம் கலந்த தண்ணீராகத் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். எனவே எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பதும் உலோகத் தேர்வில் ஒரு கணக்கு.

மூன்று தேர்வுகள் உண்டு. அலுமினியம் பூச்சு ஏறிய இரும்பு விலை குறைந்தது. உப்புத் தூவாத சாலை, கடலிலிருந்து தள்ளிய இடம், நீளமான ஓட்டம் என்றால் இது பல வருடம் தாராளமாக வரும். வெல்டிங் போட்ட இடத்தில் மட்டும் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கேதான் தொடங்கும். மாட்டுவதற்கு முன் வெல்டிங் கோடுகளின் மேல் சூடு தாங்கும் பெயின்ட் அடித்துவிட்டால் ஆயுள் கூடும். அடுத்தது 409 ரக எவர்சில்வர். சுமார் 11 சதவீதம் குரோமியம். மேலே பழுப்பாகத் துரு படியும், ஆனால் ஓட்டை விழ வெகுகாலம் ஆகும். 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். பளபளப்பு நிற்கும், விலை அதிகம்.

'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் எழுதி ரக எண்ணைச் சொல்லாத செட் என்றால் 409 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு காந்தம் இருந்தால் போதும்: 409-இல் நன்றாக ஒட்டும், 304-இன் நேரான பகுதியில் ஒட்டாது. வளைத்த இடத்தில் 304-இலும் லேசாக இழுக்கலாம், அதனால் நேர்ப்பகுதியில் வைத்துப் பாருங்கள். வண்டியை இன்னும் நான்கைந்து வருடம்தான் வைத்திருப்பீர்கள், உப்பும் இல்லை என்றால் 304-க்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காசில் பெரிய மஃப்ளர் வாங்குங்கள்.

7. புகை எங்கே வெளியேற வேண்டும்

கம்பெனி வைத்த அதே இடத்தில், ஒற்றைக் குழாயாக விட்டால் செலவு மிகக் குறைவு. பின்னால் இரண்டு பக்கமும் பிரியும் இரட்டைக் குழாய் பார்வைக்கு அழகு. ஒரே மஃப்ளரிலிருந்து பிரிவதால் எஞ்சினுக்குப் பெரிய பயன் இல்லை. எடையும் குழாயும் அதைத் தொங்கவிடும் ஹேங்கரும் கூடும். முனையில் மாட்டும் பளபள டிப்பை எப்போது வேண்டுமானாலும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். அதற்காக விலை உயர்ந்த செட்டை எடுக்காதீர்கள்.

பின் சக்கரத்துக்கு முன்னால், வண்டிக்கு அடியிலேயே குழாயை முடித்துவிடும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். ஆக்சில் மேல் போகும் குழாய் மிச்சம், அதனால் மலிவு. இதற்கு மட்டும் நான் சம்மதிக்கவே மாட்டேன். புகை லோடு பாடியின் அடியில் தேங்கி, ஓட்டைகள் வழியாகக் கேபினுக்கு வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாடியின் மேல் மூடி போட்டு உள்ளே படுத்துத் தூங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உயிர் விஷயம். வால் முனை பாடியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பின் சக்கரத்துக்குப் பின்னால் வெளியேறுவது டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு வசதி; நேராகப் பின்னால் விட்டால் புகை டிரெய்லரின் முகத்தில்தான் அடிக்கும். டீசலில் டிபிஎஃப் தன்னைத் தானே சுத்தம் செய்யும் நேரத்தில் ஃபில்டருக்குள் சூடு 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். கம்பெனி வால் முனையில் காற்றை உள்ளிழுத்துக் குளிர்விக்கும் அமைப்பு இருந்தால், புதியதிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

8. முழு செட்டா, வெல்டிங் கடையா

பெரும்பாலானவர்கள் பெட்டியில் வரும் போல்ட் செட் பக்கம் மட்டும் தேடுகிறார்கள். சைலன்சர் வேலை தெரிந்த ஒரு வெல்டிங் கடையில், உங்கள் குழாய் நன்றாக இருந்தால், மஃப்ளரை மட்டும் வெட்டி எடுத்து நல்ல மஃப்ளர் ஒன்றைப் பொருத்தித் தருவார்கள். பொருளில் மிச்சம், அனுப்பும் செலவிலும் மிச்சம். சைலன்சர் பெட்டி நீளமானது, அதைக் கொண்டுவந்து சேர்க்கவே நிறைய ஆகும். சத்தத்தில் நீங்கள் தேடும் மாற்றத்தின் பெரும்பகுதி மஃப்ளரிலிருந்துதான் வருகிறது. அந்தக் கடையில் முன்பு செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். வெல்டிங் கோடு சீராக, இடைவெளி இல்லாமல் இருக்கிறதா, குழாயை எப்படி வளைக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

முழு செட்டின் பலம் வேறு. நீங்களே மாட்டலாம், வேண்டாம் என்றால் கழற்றலாம், வண்டியை விற்கும்போது தனியாக விற்கலாம். குழாயே அரித்துப்போயிருந்தால் இதுதான் வழி. இணைப்புகளில் என்ன கிளாம்ப் வருகிறது என்று பாருங்கள். குழாயைச் சுற்றி அகலமாகப் பிடிக்கும் பட்டை கிளாம்ப் நல்லது. யு போல்ட் கிளாம்ப் குழாயை நசுக்கிப் பிடிக்கும். பிற்பாடு கழற்றுவது பெரும்பாடு.

வாரன்டி தாளையும் படியுங்கள். 'வாழ்நாள்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். முதலில் வாங்கியவருக்கு மட்டுமா, மஃப்ளரின் உள்பஞ்சுக்கும் உண்டா, கழற்றி மாட்டும் கூலி யார் தலையில், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்ற நான்கு கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

9. மாட்டும் நாள்

பெட்டி வந்ததும் பழையதைக் கழற்றிவிடாதீர்கள். புதுக் குழாய்களை வண்டியின் பக்கத்தில் தரையில் வரிசையாக அடுக்கி, ஹேங்கர் கம்பிகள் பழைய இடங்களுக்கு நேராக வருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பான செட் என்றால் இந்த நிமிடம்தான் தெரிந்துகொள்ள நல்ல நிமிடம். என் இரண்டாவது செட்டில் ஒரு கிளாம்ப் குறைவாக வந்திருந்தது. தரையில் அடுக்கியதால்தான் தெரிந்தது.

முந்தின நாள் இரவே போல்ட்களுக்குத் துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டு மேல் வண்டியை உட்கார வைத்த பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் படுக்கக் கூடாது. ஹேங்கர் ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவினால் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். கம்பெனி குழாய் ஒரே துண்டாக ஆக்சில் மேல் வளைந்து போவதால் பல வண்டிகளில் வெட்டாமல் வெளியே வராது. வெட்டத்தான் வேண்டுமென்றால் நேரான பகுதியில் ஆக்சா பிளேடு வையுங்கள். பிற்பாடு தேவைப்பட்டால் ஒரு பட்டை கிளாம்ப் போட்டு அதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

புதியதை முன்னாலிருந்து தொடங்கி, எல்லா இணைப்பையும் தளர்வாக மாட்டுங்கள். முழுவதும் தொங்கிய பிறகு, குழாயைத் திருப்பித் திருப்பி இடைவெளி பாருங்கள்: ஸ்டெப்னி, பிரேக் லைன், வயர், டேங்க், ஷாக் அப்சார்பர் எதிலிருந்தும் குறைந்தது ஓர் இன்ச். சூட்டில் குழாய் நீளும், சாலையில் ஆடும் என்பதை மறக்க வேண்டாம். பிறகு முன்னாலிருந்து பின்னாக இறுக்கி வாருங்கள். ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். அங்கே சிலிக்கோன் பேஸ்ட் தடவுவதாக இருந்தால் ஆக்சிஜன் சென்சாருக்குப் பாதிப்பில்லை என்று எழுதியதை மட்டும் எடுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் எவர்சில்வர் குழாயில் பட்ட கைரேகையைத் துணியால் துடைத்துவிடுங்கள், சூடானால் கறையாகப் பதிந்துவிடும்.

முதல் பத்துப் பதினைந்து நிமிடம் குழாயின் மேல் லேசாகப் புகை வரும். வளைக்கும்போது பூசிய எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம். வண்டியை வெட்டவெளியில் வைத்து இதைச் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் நுரை வரும். குழாய் சூடாவதற்குள் இதை முடித்துவிடுங்கள். அப்புறம் நெடுஞ்சாலையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தட்டும் சத்தம் கேட்டால் ஏதோ ஒரு ஹேங்கர் வண்டியின் உடம்பில் இடிக்கிறது. ரீங்காரம் என்றால் எந்தச் சுற்றில் வருகிறது என்று மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், கிளைக்குழாயின் நீளத்தைக் கணக்கிட அந்த எண் வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் குழாய் ஆறிய பிறகு எல்லாக் கிளாம்பையும் மறுபடி இறுக்குங்கள். கழற்றிய பழைய செட்டைத் துடைத்து, நட்டு போல்ட்களை ஒரு பையில் போட்டு அதோடு கட்டி, பத்திரமாக வையுங்கள். வண்டிச் சோதனைக்கோ விற்கும் நாளுக்கோ அது தேவைப்படும்.